நாணமும் அடக்கமும்: கத்தோலிக்க ஒழுக்கப் போதனையும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரும்

முன்னுரை

கிள்ளான் நகரின் தெங்கு கிளானா சாலையில் சேலைக் கடைகளும் நகைக் கடைகளும் பூக்கடைகளும் நெருங்கி நிற்கின்றன. அதே சாலையில்தான் 1928ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட லூர்து அன்னை ஆலயமும் அமைந்துள்ளது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலும் இதே நிலையைக் காணலாம். துன் சம்பந்தன் சாலையின் துணிக்கடைகளிலிருந்து சற்றுத் தொலைவிலேயே செபமாலை அன்னை ஆலயம் எழுந்து நிற்கிறது. உடுத்துவதற்கு வாங்கும் இடமும் உடுத்திச் சென்று வழிபடும் இடமும் இவ்வாறு ஒரே தெருவில் அமைந்திருப்பது கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் கத்தோலிக்கரின் வாழ்வுக்கு ஓர் அடையாளம் எனலாம்.

ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கு வருவோரிடையே பட்டுச் சேலை, பஞ்சாபி ஆடை, பாஜு கூரோங், நீள்கால்சட்டை ஆகிய அனைத்தையும் காண முடிகிறது. எது தகுந்த ஆடை என்னும் வினா இச்சூழலில் அடிக்கடி எழுகிறது. ஆலய வாயில்களில் ஆடை குறித்த அறிவிப்புகள் வைக்கப்படுவதும் உண்டு. அவ்வறிவிப்புகள் பெரும்பாலும் இளம்பெண்களை நோக்கியே பேசுவதாக அவர்கள் உணர்கின்றனர். பெற்றோரோ பிள்ளைகள் மரபை மறந்துவிட்டனர் என வருந்துகின்றனர். இரு சாராரும் ‘திருச்சபையின் போதனை’ என்னும் ஒரே தொடரைத்தான் கையாளுகின்றனர். ஆயினும், அப்போதனை உண்மையில் எதைக் கூறுகிறது என்பது பலருக்கும் தெளிவாக இல்லை. அதனை விளக்குவதும், தமிழ்ச் சொல் மரபின் துணைகொண்டு அதன் பொருளை வரையறுப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

ஆங்கிலம் பேசும் கத்தோலிக்கர் ‘மாடஸ்டி’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பதைத் திருச்சபையின் மூலமொழியாகிய இலத்தீன் இரு சொற்களால் குறிக்கிறது. ஒன்று ‘மொதெஸ்தியா’. இச்சொல் ‘அளவு’ எனப் பொருள்படும் ‘மோதுஸ்’ என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. மற்றொன்று ‘புதோர்’. இது தன் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளத் தூண்டும் உள்ளுணர்வைக் குறிப்பது. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா தம் ‘இறையியல் தொகுப்பு’ நூலில் முதற்சொல்லை விரிவாக ஆராய்கிறார். 1992ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ‘கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி’ நூலோ 2521 முதல் 2524 வரையுள்ள எண்களில் இதைப் பேசுகையில், அதன் இலத்தீன் பதிப்பில் இரண்டாம் சொல்லைக் கையாளுகிறது.

இவ்வேறுபாடு தமிழருக்குப் புதியதன்று. முதற்சொல்லுக்கு ‘அடக்கம்’ என்பதும் இரண்டாம் சொல்லுக்கு ‘நாணம்’ என்பதும் நெருங்கிய நேர்ச்சொற்களாகும். திருவள்ளுவர் இவ்விரண்டையும் தனித்தனி அதிகாரங்களில் வைத்துள்ளார். அறத்துப்பாலின் 13ஆம் அதிகாரம் அடக்கமுடைமை; பொருட்பாலின் 102ஆம் அதிகாரம் நாணுடைமை. வீரமாமுனிவர் எனத் தமிழர் போற்றும் இயேசு சபைத் துறவி கான்ஸ்டன்டைன் பெஸ்கி (1680–1747) திருக்குறளை இலத்தீனில் பெயர்த்தபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பெயர்த்துக் காமத்துப்பாலை விடுத்தார். எனவே மேற்கூறிய இரு அதிகாரங்களும் 18ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கத்தோலிக்கத் துறவியின் கைவழியாக இலத்தீன் மொழிக்குச் சென்றவை என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கு ஒரு சிக்கலும் உண்டு. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்னும் நான்கினையும் பெண்மைக்குரிய பண்புகளாக வகுத்த மரபு தமிழில் வேரூன்றியது. ஆதலால், திருச்சபையின் போதனை ‘நாணம்’ என்னும் சொல்வழியாகத் தமிழ்ச் செவிகளை எட்டும்போது, அது பெண்ணுக்கு மட்டும் உரிய கடமையாகச் சுருங்கிவிட வாய்ப்புள்ளது. ஆனால், வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தைத் தொடங்கும்போதே இக்குழப்பத்தை விலக்கிவிடுகிறார். தகாத செயலுக்குக் கூசுவதே தாம் பேசும் நாணம் என்றும், பெண்களுக்கு இயல்பாக உரைக்கப்படும் வெட்கம் அதனின் வேறானது என்றும் அவர் பிரித்துக் காட்டுகிறார். அடுத்த குறளில், உணவும் உடையும் யாவர்க்கும் பொதுவாயிருக்க, நாணமே மாந்தரைச் சிறப்பிப்பது என்கிறார். உடையினும் நாணம் பெரிது என்பதும், அது மாந்தர் அனைவர்க்கும் உரியது என்பதும் இதனால் புலனாகின்றன. கத்தோலிக்கப் போதனையும் இவ்விடத்தில்தான் நிற்கிறது.

திருநூலும் அக்குவினாவும்

புதிய ஏற்பாட்டில் ஆடை குறித்துப் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் பகுதி திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்திலுள்ளது. பெண்கள் அடக்கமான உடை அணிய வேண்டும் என அது கூறுவதை அனைவரும் அறிவர். ஆனால், அதே வாக்கியம் பொன்னையும் முத்தையும் விலையுயர்ந்த ஆடையையும் பெயர் சுட்டி விலக்குவதைப் பலர் கவனிப்பதில்லை. பேதுருவின் முதல் திருமுகமும் இதே கருத்தைக் கூறுகிறது. இவ்விரு பகுதிகளும் உடல் வெளிப்படுவதைக் காட்டிலும் செல்வம் வெளிப்படுவதையே வெளிப்படையாகக் கண்டிக்கின்றன. உடலை முழுமையாக மறைக்கும் பட்டுச் சேலையும் அதன்மேல் அடுக்கிய நகைகளும், ஏழை உறவினரைக் கூனிக்குறுக வைக்குமாயின், அவை இப்போதனைக்கு முரணானவை ஆகும். நம் திருமண மண்டபங்களை நினைவிற்கொண்டு இதனை எண்ணிப் பார்ப்பது தகும்.

மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் இயேசு, பெண்ணை இச்சையுடன் நோக்கும் ஆணின் உள்ளத்திலேயே குற்றம் நிகழ்ந்துவிடுகிறது என்கிறார். அங்கு அப்பெண் எத்தகைய ஆடை அணிந்திருந்தாள் என்ற வினா எழுப்பப்படவில்லை. பார்வைக்குரிய பொறுப்பு பார்ப்பவனிடமே வைக்கப்படுகிறது.

அக்குவினா ‘மொதெஸ்தியா’வைத் தன்னடக்கம் என்னும் தலையாய நற்பண்பின் கிளையாக வகைப்படுத்துகிறார். பணிவு, அறிவு வேட்கையில் ஒழுங்கு, உடலசைவிலும் செயலிலும் ஒழுங்கு, ஆடை முதலிய புறக்கோலத்தில் ஒழுங்கு என நான்கு களங்களில் அது செயற்படுகிறது. ஆடை இவற்றுள் இறுதியாக வைக்கப்பட்டிருப்பது நோக்கத்தக்கது. நூலின் இரண்டாம் பகுதியின் இரண்டாம் பிரிவில் 169ஆம் வினா ஆடையைப் பற்றியது. புறப்பொருள்களில் தம்மளவில் தீமை இல்லை என்றும், அவற்றை அளவின்றிப் பயன்படுத்துவோரிடமே தீமை தோன்றுகிறது என்றும் அவர் நிறுவுகிறார். அவ்வளவு இரு வகைகளில் மீறப்படலாம். ஒன்று, தாம் வாழும் மக்களின் வழக்கத்திற்கு மாறாக நடத்தல். மற்றொன்று, புகழ் விரும்பியோ சுகம் விரும்பியோ ஓயாத கவலையினாலோ ஆடைமீது மிகையான பற்றுக் கொள்ளுதல். ஆடையில் சிறிதும் கவனம் செலுத்தாத அலட்சியமும் குறையே என்கிறார் அவர். எளிய உடையைக் காட்டிப் பெருமை தேடுவதையும் அவர் விட்டுவைக்கவில்லை. அடக்கம் இரு எல்லைகளுக்கு இடைப்பட்ட அளவு என்பது இதனால் தெளிவாகிறது.

இருபதாம் நூற்றாண்டின் விளக்கங்கள்

1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1262ஆம் சட்டத்தில், ஆலயத்தில் பெண்கள் தலையை மூடி அடக்கமாக உடுத்தியிருக்க வேண்டும் என்றும், ஆண்கள் தலையில் எதுவும் அணியாதிருக்க வேண்டும் என்றும் விதித்தது. தமிழ்க் கத்தோலிக்கப் பெண்கள் சேலை முந்தானையையே முக்காடாக இட்டு இவ்விதியை இயல்பாக நிறைவேற்றினர். 1976ஆம் ஆண்டில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட ஓர் அறிக்கை, தலைமூடும் கட்டளை அக்கால வழக்கத்தைச் சார்ந்தது என்றும் இனி அது கட்டாயமன்று என்றும் சுட்டியது. 1983ஆம் ஆண்டின் புதிய சட்டத் தொகுப்பில் அவ்விதி இடம்பெறவில்லை. எனவே, இன்றும் முக்காடு இடும் மூதாட்டியரின் வழக்கம் மதிக்கத்தக்க பக்தி மரபு. முக்காடு இடாத பேத்தியோ எவ்விதியையும் மீறியவள் அல்லள்.

1957ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஆடை வடிவமைப்பாளர்களிடையே ஆற்றிய உரை இப்பொருளில் முதன்மையானது. உடல்நலம் காத்தல், நாணம் காத்தல், அழகுபடுத்தல் என ஆடைக்கு மூன்று பயன்களை அவர் வகுத்தார். அழகுபடுத்தலையும் அவர் ஏற்றுக்கொண்டார் என்பது கருதத்தக்கது. அவ்வுரை அணிவோரிடம் மட்டுமன்றி, ஆடையை உருவாக்கி விற்போரிடமும் பொறுப்பை வைத்தது. பிற்கால மறைக்கல்வி நூலும் 2286ஆம் எண்ணில், பிறருக்கு இடறலாவது தனிமனிதர் மட்டுமல்லர், சட்டமும் நிறுவனமும் நாகரிகப் போக்கும் இடறலாகக் கூடும் என்று கூறுகிறது.

பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலான கரோல் வொய்த்தீவா, 1960ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அன்பும் பொறுப்பும்’ என்னும் நூலில் நாணத்தின் வேரை ஆராய்ந்தார். உடல் இழிவானது என்பதால் மனிதர் அதனை மறைப்பதில்லை. தம்மை ஒரு நுகர்பொருளாகப் பிறர் காண்பதிலிருந்து தம் ஆளுமையைக் காத்துக்கொள்ளவே நாணுகின்றனர் என்பது அவர் கருத்தின் சாரம். மறைக்கல்வி நூல் இதனைச் சுருக்கமாக எடுத்துரைக்கிறது. நாணம் மனிதரின் உள்ளாழத்தைக் காக்கிறது. அதன் வடிவங்கள் பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபடுகின்றன. ஆயினும் மனித மாண்பு பற்றிய உள்ளுணர்வாக அது எங்கும் நிலவுகிறது. இத்தனை சென்டிமீட்டர் என்னும் அளவுகோல் எதுவும் அந்நூலில் இல்லை.

தமிழ் மண்ணில் ஆடையும் மாண்பும்

வடிவங்கள் பண்பாட்டுக்கேற்ப மாறும் என்னும் கருத்து தமிழகத்தில் நெடுங்காலத்திற்கு முன்பே சோதிக்கப்பட்டது. 1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, ஐரோப்பியத் துறவியரின் உடையைக் களைந்து காவியுடை தரித்தார். அவர் காலத்து மதுரையில் தோல் காலணியும் கறுப்பு அங்கியும் துறவுக்கு அடையாளமாகக் கொள்ளப்படவில்லை. இதனால் எழுந்த சர்ச்சை உரோமை வரை சென்றது. 1623ஆம் ஆண்டில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கைக்கு இடமின்றிப் பூணூல், சந்தனம் முதலிய அடையாளங்களைக் கிறித்தவராகும் பிராமணர் தொடர்ந்து பயன்படுத்த இசைவளித்தார். ஓர் ஊரில் அடக்கமாகத் தோன்றும் உடை மற்றோர் ஊரில் அவ்வாறு தோன்றாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

தென் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டம் மற்றொரு கோணத்தைக் காட்டுகிறது. அப்போராட்டத்தில் முன்னின்ற கிறித்தவர் பெரும்பாலும் இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சார்ந்த சீர்திருத்தத் திருச்சபையினர். எனினும், அதன் பாடம் அனைத்துக் கிறித்தவருக்கும் பொதுவானது. நாடார் பெண்கள் மேலாடை அணிவதைச் சாதி வழக்கம் தடுத்தது. பல பத்தாண்டுப் போராட்டத்தின் பின், 1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் அரச பிரகடனம் அவர்கள் மார்பை மறைக்க அனுமதித்தது. உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது என்னும் வரம்பும் உடன் விதிக்கப்பட்டது. அப்பெண்களுக்கு உடலை மறைப்பது பிறர் இட்ட கட்டளையாக இருக்கவில்லை. அவர்கள் தாமே கோரிப் பெற்ற உரிமையாக இருந்தது. நாணம் உள்ளிருந்து எழும்போது மாண்பாகிறது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எவருடைய வழக்கம்?

தாம் வாழும் மக்களின் வழக்கத்தைக் கருதுக என்று அக்குவினா கூறியதை இங்குப் பொருத்தும்போது, ‘எந்த மக்கள்?’ என்னும் வினா உடனே எழுகிறது. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியருள் சுமார் 86 விழுக்காட்டினர் இந்துக்கள்; கிறித்தவர் சுமார் 6 விழுக்காட்டினர். ஆகவே, தமிழ்க் கத்தோலிக்கர் ஒருவர் வீட்டிலும் உறவிலும் தமிழ் வழக்கத்தையும், அக்கம்பக்கத்தில் மலாய் முஸ்லிம்களின் வழக்கத்தையும், ஆலயத்தில் சீனரும் யுரேசியரும் உள்ளிட்ட பல இனத்தாரின் வழக்கத்தையும், பணியிடத்தில் நகர நாகரிகத்தையும் ஒரே நாளில் எதிர்கொள்கிறார்.

தோட்டப்புற வாழ்வில் இவ்வினா இத்துணைக் கடுமையாக எழவில்லை. பால்மரம் வெட்டச் செல்லும் பெண், கைலியோ சேலையோ உடுத்தி, அதன்மேல் நீண்ட கைச்சட்டையும் தலைத்துணியும் அணிவாள். கொசுக்கடிக்கும் முட்செடிக்கும் அதுவே காப்பு. ஞாயிறன்று அவளே வெளுத்த சேலையில் வழிபாட்டுக்குச் செல்வாள். இடத்திற்கேற்ற அளவைச் சமூகம் முழுவதும் அறிந்திருந்தது. நகருக்குக் குடிபெயர்ந்தபின் அந்தப் பொது அளவு கலைந்துவிட்டது.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். சேலையில் இடை தெரிவதை எவரும் குறையாகக் கருதுவதில்லை. அதே இடை மேனாட்டு மேற்சட்டையில் தெரிந்தால் முணுமுணுப்பு எழுகிறது. இது வழக்கத்தின் ஆற்றலைக் காட்டுகிறது. வழக்கத்திற்கு மதிப்பளிப்பதைத் திருச்சபை தவறென்று கூறவில்லை. ஆனால், வழக்கத்தை இறைக்கட்டளையாகவும், அதனினின்று விலகிய பெண்ணின் உள்ளத்தைக் கறைபட்டதாகவும் தீர்ப்பிடுவதற்கு அப்போதனையில் இடமில்லை.

பொதுச் சூழலையும் கருத்திற்கொள்ள வேண்டும். 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் அரசு அலுவலகங்கள் சிலவற்றில், குட்டையான ஆடை அணிந்து வந்த பெண்களுக்குக் கைலி முதலிய துணிகள் கொடுக்கப்பட்ட செய்தி நாளேடுகளில் வெளிவந்து பெரும் விவாதத்திற்கு உள்ளானது. வாயிற்காவலரின் பார்வையால் அளக்கப்பட்ட அனுபவம் உள்ள ஒரு பெண், ஆலய வாயிலிலும் அதே தொனியைக் கேட்பாளாயின், இரண்டையும் ஒன்றாகவே உணர்வாள். அவளுக்குப் போதனையின் உட்பொருளாகிய மாண்பு எட்டாது. வெளித்தோற்றமாகிய தடை மட்டுமே எட்டும். சிலர் இதற்கு எதிர்த்திசையிலும் செல்கின்றனர். ‘நாமும் எவர்க்கும் குறைந்தவர்கள் அல்லர்’ என்று காட்டவோ, ‘நாம் அவர்களைப் போன்றவர்கள் அல்லர்’ என்று காட்டவோ பெண்ணின் உடையை இன எல்லைக்கோடாக்குகின்றனர். இவ்விரு நிலைகளிலும் அப்பெண்ணின் மாண்பு பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

நடத்தையில் அடக்கம்

ஆடையை மட்டும் பேசுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி நடத்தையாகும். அக்குவினாவின் 168ஆம் வினா உடலசைவையும் விளையாட்டையும் பற்றியது. நகைச்சுவையும் விளையாட்டும் மனத்திற்கு ஓய்வளிப்பவை என்றும், அளவுக்கு மீறிய கேலி தவறு என்றும், பிறர் மகிழ்ச்சியையும் கெடுக்கும் கடுகடுப்பும் குறையே என்றும் அவர் கூறுகிறார். கலகலப்பான இளைஞரை அடக்கமற்றவர் என எண்ணிவிடுவதற்கு இது தக்க மறுமொழி.

மறைக்கல்வி நூல் நாணத்தை உடலோடு நிறுத்தாமல் உணர்வுகளுக்கும் விரிக்கிறது. பிறர் அந்தரங்கத்தில் தகாத ஆர்வம் எழக்கூடிய இடத்தில் மௌனம் காப்பதும் நாணமே. விளம்பரங்களில் உடல் காட்சிப்பொருளாவதையும், ஊடகங்கள் அந்தரங்கத்தை அளவுமீறி வெளிப்படுத்தத் தூண்டுவதையும் அந்நூல் எதிர்க்கிறது. 1992ஆம் ஆண்டில் எழுதப்பட்ட அவ்வரிகள் கைப்பேசிக் காலத்திற்கும் பொருந்துகின்றன. பிறர் குடும்பச் சண்டையைப் புலனக் குழுக்களில் பரப்புவதும், ஒருவரின் கண்ணீரை அவர் இசைவின்றிப் படம் பிடிப்பதும் நாணமற்ற செயல்களே. அவற்றைச் செய்வோர் கழுத்து முதல் கணுக்கால் வரை மறைத்து உடுத்தியிருக்கலாம்.

இதனடிப்படையில் நோக்கும்போது, ஒரு பெண்ணின் உடையைப் பலர் முன்னிலையில் சுட்டிக் கண்டிப்பதோ, அவள் சென்றபின் அதுபற்றிப் பேசுவதோ, காக்க விரும்பிய பண்பையே சிதைப்பதாகும். தவறிழைத்தவரைத் தனியே சந்தித்துப் பேசுமாறு மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் பணிக்கிறது. ஒரு தாயோ அக்காளோ தனிமையில் அன்புடன் கூறும் ஒரு சொல் செய்வதை அறிவிப்புப் பலகை செய்வதில்லை.

முடிவுரை

ஆடை குறித்த கத்தோலிக்கப் போதனை மூன்று தூண்களின் மீது நிற்கிறது எனத் தொகுத்துக் கூறலாம். முதலாவது மாண்பு: மனிதர் எவரும் நுகர்பொருள் அல்லர். இரண்டாவது அளவு: மிகையும் குறையும் தவிர்க்கத்தக்கவை, செல்வச் செருக்கும் இவ்வளவுக்கு உட்பட்டது. மூன்றாவது இடமும் காலமும்: வடிவங்கள் மாறலாம், மதிப்பு மாறுவதில்லை. இம்மூன்றும் ஆணுக்கும் பெண்ணுக்கும், அணிபவருக்கும் பார்ப்பவருக்கும், விற்பவருக்கும் பொதுவானவை.

ஆலயத்திற்குத் தகுந்த உடை வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு இதனால் நீங்கிவிடாது. இறைவன் திருமுன் நிற்கிறோம் என்னும் உணர்வு உடையிலும் வெளிப்படுவது இயல்பே. அவ்வெதிர்பார்ப்பை ‘அடக்கம்’ என்னும் சொல்லால் இருபாலருக்கும் உரைத்து, ‘நாணம்’ என்னும் சொல்லை வள்ளுவர் காட்டிய பொருளில், தகாததைச் செய்யக் கூசும் உள்ளுணர்வாக மறைக்கல்வி வகுப்புகளில் விளக்கினால், இளையோர் அதனைத் தம்முடையதாக ஏற்பர். தெங்கு கிளானா சாலையில் சேலை தேர்ந்தெடுக்கும் மகளுக்கும் அவளுடன் சென்ற தாய்க்கும் இடையே நிகழும் உரையாடலில் அச்சொற்கள் சரியான பொருளோடு வழங்குமாயின், பல அறிவிப்புப் பலகைகளுக்குத் தேவையே இராது.